சம்பந்தி சொல்ல வந்த விஷயம்

வண்டி விஷயத்தில் என்னை யாரும் அசைக்க முடியாது என்று நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை. சொன்னால் வீட்டில் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று வேறு யாராவது கண் காது மூக்கு வைத்து உங்களிடம் சொல்வதற்கு முன்னால் நானே எழுதிவிடுவது நல்லது.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். (தற்பெருமை இல்லை. நடந்ததைச் சொன்னால் அது பெருமையாக வந்து விழுகிறது, நான் என்ன செய்ய.) படிப்பு நாலாங்கிளாஸ். துறைமுகத்தில் மூட்டை தூக்கினேன், லாரியில் கிளீனராகப் போனேன், பிறகு ஸ்டியரிங் பிடித்தேன். இன்றைக்குத் திருவொற்றியூரில் என் பெயரில் பதினோரு டிரெய்லர் ஓடுகிறது. மணலியில் போய் 'டிரெய்லர் அந்தோணி' என்று கேட்டுப் பாருங்கள், டேங்கர் லாரிக்காரன்கூட வண்டியை ஓரம் கட்டி வழி சொல்வான். டிரெய்லர் ஓனர்கள் சங்கத்தில் ஒன்பது வருஷம் தலைவராக இருந்தேன். 'வெளி வண்டி உள்ளே வந்து லோடு எடுக்காது' என்று எங்கள் ஏரியாவில் சட்டம் போட்டவனே நான்தான். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்னை இது கடிக்கப்போகிறது.

என் சின்ன மகள் மெர்சிக்கு தூத்துக்குடியில் மாப்பிள்ளை முடிவானது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. அவருடைய லீவு தவக்காலம் தொடங்கும்வரைதான். எங்கள் சபையில் தவக்காலத்தில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். அதற்கு முன்னால் முடிக்க வேண்டும் என்றால், மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று சாமியார் படிப்பாரே, அதுதான் ஓலை. கையில் சரியாக மூன்று ஞாயிறுதான் இருந்தது. ஒன்று தவறினாலும் கல்யாணம் ஈஸ்டருக்கு அப்பால் போய்விடும். ஈஸ்டரில் மாப்பிள்ளை ஏதோ ஒரு நடுக்கடலில் இருப்பார்.

மெர்சியின் ஞானஸ்நான சர்டிபிகேட்டையும் ராயபுரம் பங்குச் சாமியாரின் கடிதத்தையும் வாங்கிப்போக சம்பந்தி சந்தியாகுவும் அவர் சம்சாரம் ஜெபமாலை அம்மாவும் சென்னைக்கு வந்திருந்தார்கள். ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆன மனிதர். அமைதியானவர். பத்து வார்த்தை நான் பேசினால் அரை வார்த்தை அவர் பேசுவார். (அந்த அரையையும் நான் விடுவதில்லை.) வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயில் ஏறி, சனிக்கிழமை தூத்துக்குடியில் காகிதத்தைக் கொடுத்தால், ஞாயிறு முதல் ஓலை.

அதற்குள் வந்தவர்களுக்கு என் செல்வாக்கைக் காட்ட வேண்டாமா? டயர் டீலர் ஒருவர் எனக்கு ஒரு கூப்பன் கொடுத்திருந்தார். தாம்பரத்தைத் தாண்டி ஒரு தீம் பார்க், அதோடு சேர்ந்த ரிசார்ட்டில் ஒரு ராத்திரி தங்கல். தாம்பரத்துக்குத் தெற்கே எனக்கு எல்லாமே கன்னியாகுமரிதான், இருந்தாலும் வியாழக்கிழமை ஐந்து பேரும் கிளம்பினோம். போகும்போது ரிசார்ட் பஸ்ஸே வந்து அழைத்துப்போனது. திரும்புவது அவரவர் பாடு.

"நம்ம டிரைவர மதியம் வரச் சொல்லிடவா?" என்று வெள்ளிக்கிழமை காலையில் இட்லி சாப்பிடும்போது ஸ்டெல்லா கேட்டாள். ஸ்டெல்லா என் சம்சாரம்.

"பதினோரு வண்டி வெச்சிகினு கீறவன் நான். எக்மோருக்கு ஒரு வண்டி புடிக்கத் தெரியாதா எனக்கு?" என்றேன்.

சம்பந்தி தொண்டையைக் கனைத்தார். "எக்மோர்னு சொன்னீங்கல்லா, அதுல ஒரு விசயம்..."

"நீங்க எதுக்கும் கவலப்படாதீங்க சம்பந்தி. உங்கள ரயில் பெட்டில ஒக்கார வெச்சிட்டுதான் எனக்கு மறு வேல," என்று அவர் முதுகில் தட்டினேன். அவர் இட்லியைப் பார்த்துக் குனிந்துகொண்டார்.

சாப்பிட்ட கையோடு ரிசார்ட் வாசலில் இருந்த டாக்ஸி ஸ்டாண்டுக்குப் போனேன். ஏழெட்டு கார். ஸ்டாண்டுக்குத் தலைவர் ஏழுமலை என்று ஒருவர், பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எக்மோருக்கு அவர் சொன்ன வாடகையில் நான் ஒரு டிரெய்லரைத் தூத்துக்குடிக்கே அனுப்பிவிடுவேன். அதையாவது மரியாதையாகச் சொல்லியிருக்கலாம். நான் என்ன செய்தேன் என்றால், அங்கே நின்ற முதல் காரின் டயரை ஒரு உதை உதைத்தேன்.

இது என் தொழில் பழக்கம். வாடகைக்கு எடுக்கும் எந்த வண்டியின் டயரையும் உதைத்துப் பார்த்துத்தான் பேச்சையே ஆரம்பிப்பேன். சத்தத்திலேயே காற்று எவ்வளவு, தேய்மானம் எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மணலியில் இதைக் கலை என்பார்கள்.

"இன்னா தலைவரே, டயரு மொட்டையா கீது," என்றேன். "எங்க ஏரியால இத ஊஞ்சலுக்குக் கட்டுவோம். இது இந்த கேட்டத் தாண்டாது."

ஏழுமலை கேட்டுக்கொண்டே பல் குத்திக்கொண்டிருந்தார்.

மதியம் மூன்று மணிக்கு மெர்சி செல்போனில் வண்டி போட்டாள். ஐந்து பேர், மூன்று பெட்டி என்பதால் பெரிய வண்டி. ஆறு நிமிஷத்தில் வரும் என்று படம் காட்டியது. படத்தில் கார் வளைந்து வளைந்து வந்தது. நானும் பெருமையாக எல்லோருக்கும் காட்டினேன், ஏதோ அந்தப் படத்தை நானே வரைந்த மாதிரி. கார் ரிசார்ட் ரோட்டுக்குள் திரும்பிய இடத்தில் நின்றது. பிறகு திரும்பிப் போனது. பிறகு படத்திலேயே இல்லை.

போய்ப் பார்த்தால் ஏழுமலை ரோட்டில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

"ஏன்ப்பா எங்க வண்டிய திருப்பி அனுப்புன?" என்றேன்.

"வெளி வண்டி உள்ள வந்து லோடு எடுக்காது சார்," என்றார்.

என் வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. அதே நிதானம், அதே நாற்காலி. எனக்கு ஒரு நிமிஷம் கண்ணாடி பார்த்த மாதிரி இருந்தது.

நான் யார் தெரியுமா என்று ஆரம்பித்தேன். சங்கம், ஒன்பது வருஷம், தலைவர், எல்லாம் சொன்னேன். ஏழுமலை சட்டென்று எழுந்துவிட்டார். "தலைவரா? மொதல்லயே சொல்லக் கூடாதா? ஒக்காருங்க தலைவரே." தன் நாற்காலியைக் கொடுத்தார். டீ வரவழைத்தார். சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லாம் கையைக் கட்டிக்கொண்டார்கள். நானும் கால்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

"நீங்களே சொல்லுங்க தலைவரே," என்றார் ஏழுமலை. "உங்க ஏரியால வெளி வண்டி உள்ள வந்து ஏத்துனா விடுவீங்களா?"

மரியாதைக்குப் பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை டிரைவர்கள் முன்னால், கையில் அவர்கள் டீயை வைத்துக்கொண்டு, நாற்பது வருஷக் கொள்கையை விட்டுக்கொடுக்க வாய் வரவில்லை.

"விட மாட்டேன்," என்றேன். "சாவியப் புடுங்கிடுவேன்."

எல்லோரும் தலையாட்டினார்கள். மெர்சி மட்டும் "நைனா, நீ யாரு பக்கம் பேசற?" என்றாள்.

சரி, மானத்தை விழுங்கிக்கொண்டு, "அப்ப உங்க வண்டியே ஒண்ணு குடு, நீ சொன்ன வாடகையே இருக்கட்டும்," என்றேன்.

ஏழுமலை உண்மையிலேயே வருத்தப்பட்ட முகத்தோடு சொன்னார்: "நம்ம டயரு மொட்டை தலைவரே. கேட்டத் தாண்டாதே."

சம்பந்தி அருகே வந்தார். "சம்பந்தி, நாம பஸ்ஸு..."

"பஸ்ஸா? உங்கள பஸ்ல அனுப்புனா எங்க ஏரியால நான் தலை காட்ட முடியுமா?" என்று பெட்டியைத் தூக்கினேன்.

மெயின் ரோடு வரை ஒன்றரை கிலோமீட்டர். அங்கே எந்த ஸ்டாண்டின் சட்டமும் செல்லாது. மாசி வெயிலில் ஐந்து பேரும் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். பின்னால் தீம் பார்க்கில் தலைகீழாகச் சுற்றுகிறவர்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னைவிட நிம்மதியாக இருந்தார்கள் என்று தோன்றியது.

"இன்னாத்துக்குய்யா அந்த டயர ஒதச்ச?" என்றாள் ஸ்டெல்லா.

"டிக்கெட்டுல ஒரு விசயம் சம்பந்தி..." என்று சந்தியாகு மூச்சு வாங்கினார்.

"டிக்கெட் பத்திரமா கீதுல்ல? அது போதும்," என்றேன்.

நடக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. லாரி ஆபீஸில் அவசர லோடு என்றால் மூன்று புரோக்கர்களுக்குச் சொல்லிவைப்போம். எந்த வண்டி முதலில் வந்து நிற்கிறதோ அதற்கு லோடு. மற்ற இரண்டுக்கும் டீக்காசு. ஒரு நாளும் தவறியதில்லை. மெர்சி எவ்வளவோ சொன்னாள், இது அப்படி இல்லை நைனா என்று. கேட்பேனா? அவள் போனில் ஒன்று, என் போனில் ஒன்று, பூசை பார்ப்பதற்கு மட்டும் ஸ்டெல்லா வைத்திருக்கும் போனில் ஒன்று. மூன்று கம்பெனியில் மூன்று பெரிய வண்டி.

மூன்றுமே ஒரே நேரத்தில் வந்துவிட்டன. நாங்கள் மெயின் ரோட்டுக்கு நூறு அடி தள்ளி வரும்போதே மூன்று டிரைவர்களும் இறங்கி, மூன்று போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏறும் இடம் ஒன்று. இறங்கும் இடம் ஒன்று.

"எங்கள என்ன டெண்டருக்கா கூப்ட்டீங்க?" என்றார் முதல் டிரைவர். டீக்காசு தருகிறேன் என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. இரண்டு பேர் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

மூன்றாமவர் வயதானவர். ஜெபமாலை அம்மா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பதைப் பார்த்தார். "சரி, பெரியவங்க நிக்கிறாங்க, ஏறுங்க," என்று டிக்கியைத் திறந்தார். முதல் பெட்டி உள்ளே போனது. இரண்டாவதும் போனது. மெர்சி முகத்தில் அன்றைக்கு முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் உதைக்கவில்லை. என் கால் உதைத்தது.

டொப் என்று ஒரு சத்தம். டிரைவர் டயரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லப்பா, அவருக்குக் காலு மரத்துப்பூட்ச்சு," என்றாள் ஸ்டெல்லா. தங்கமான பொம்பளை. அவரும் நம்பிவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் முடிந்திருக்கும்.

"உள்பக்கம் தேயுதே, அலைன்மெண்ட் பாக்கலயா?" என்றது வாய். "இத வெச்சிகினு எக்மோர் பூடுவியா?"

அவர் நிதானமாக இரண்டு பெட்டியையும் வெளியே எடுத்து வைத்தார். "நான் போயிடுவேன் சார். நீங்க நல்ல டயரா பாத்து வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மூன்று போனிலும் வண்டி இல்லை, வண்டி இல்லை என்றே வந்தது.

மணி நாலரை. எக்மோரில் ரயில் ஏழரைக்கு, வெள்ளிக்கிழமை நெரிசலில் அங்கே போய்ச் சேரவே மூன்று மணி நேரம் ஆகும். மெர்சி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. "ஓல பூட்ச்சு நைனா," என்றாள், யாருடைய கல்யாணமோ என்கிற மாதிரி. பதினோரு டிரெய்லருக்குச் சொந்தக்காரன், மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக எனக்குப் பேச ஒன்றும் இல்லை.

அந்த மௌனத்தில்தான் சந்தியாகு கையை நீட்டினார். ஒரு டவுன் பஸ் நின்றது.

"ஏறுங்க," என்றார். ஏறினோம். உட்கார இடமும் இருந்தது.

"இது எக்மோர் போவாதே சம்பந்தி," என்றேன், சின்னக் குரலில்.

"செங்கல்பட்டு போகும். அரை மணி நேரம். நம்ம ரயிலு அங்கன நிக்கும்," என்று டிக்கெட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும். மெர்சி வாங்கிப் படித்தாள். ஏறும் இடம் செங்கல்பட்டு என்றே போட்டிருந்தது.

"ரிசார்ட்டுன்னு நீங்க போன்ல சொன்ன அன்னைக்கே, ஏறுத எடத்த செங்கல்பட்டுன்னு போட்டு எடுத்துட்டேன். முப்பது வருசம் இந்த லைன்ல கார்டா இருந்தவன்லா. காலைல இருந்து சொல்லணும்னுதான் பாக்கேன்," என்றார். கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

ஐந்தே கால் மணிக்கு ஸ்டேஷனில் இருந்தோம். ரயிலுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஜெபமாலை அம்மா வடை வாங்கிக் கொடுத்தார். எனக்கு இரண்டு.

ஞாயிற்றுக்கிழமை முதல் ஓலை வாசித்தார்கள். தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அன்றிலிருந்து நான் ஏதாவது பெரிதாகப் பேச ஆரம்பித்தால், "மொதல்ல சம்பந்திக்கு எதுனா சொல்லணுமான்னு கேட்டுக்க," என்கிறாள் ஸ்டெல்லா. மாப்பிள்ளை கப்பலில் இருந்து போன் செய்தாலும், "டயர் எல்லாம் எப்படி இருக்கு மாமா?" என்கிறார்.

போன மாதம் பேரன் ஞானஸ்நானத்துக்குத் தூத்துக்குடி போவது பற்றி சம்பந்தியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு வேன் வைக்கிறேன், முன்னால் ஒரு கார், பின்னால் ஒரு கார் என்று நான் போய்க்கொண்டிருந்தபோது, அவர் தொண்டையைக் கனைத்தார்.

"சம்பந்தி, ஒரு விசயம்..."

நான் அப்படியே நிறுத்திவிட்டேன். மூச்சுகூட விடவில்லை. ஸ்டெல்லா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல சம்பந்தி," என்றார் கடைசியில். "நிறுத்துதீங்களான்னு பாத்தேன்."