பூவாளி என்று நான் சொன்னது

மதிப்பிற்குரிய 'காட்டுத்தடம்' வேட்டை இதழின் ஆசிரியர் அம்மையார் அவர்களுக்கு,

சொத்கமோ வட்டாரத்து ஓய்வுபெற்ற எடை-அளவு ஆய்வாளர் ரெய்னோ ஹுத்துனென் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் வீட்டாரும், சென்ற இதழின் அட்டையில் தங்கள் அருகே நாக்கைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்த அந்த நாயும் நலமென்று நம்புகிறேன். இங்கே நானும் என் மனைவி ஐலாவும் உடலளவில் நலம். மற்ற அளவுகளைப் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

சென்ற வாரம் 'அளவெடுத்துச் செய்த துப்பாக்கி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை' என்ற தலைப்பில் நான் எழுதிய கடிதம் தங்களுக்குக் கிடைத்திருக்கும். தயவுசெய்து அதை அச்சிட வேண்டாம். ஏற்கெனவே பக்கம் கட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். அந்த இடம் காலியாகக் கிடக்குமென்றால் மீன் சூப் செய்முறை ஏதாவது போடலாம், ஐலாவிடம் நல்லதாக ஒன்று இருக்கிறது. காரணம் எதுவும் கேட்காமல் நீக்குங்கள் என்று இரண்டே வரியில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஆனால் காரணம் காட்டாத விண்ணப்பங்களை என் பணிக்காலத்தில் நானே எத்தனையோ திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் சொல்லிவிடுகிறேன். இது நமக்குள் இருக்கட்டும்.

அந்தக் கடிதத்தில் 'திறமையற்ற கைவினைஞர் ஒருவர்' என்று நான் குறிப்பிட்டிருந்தது என் மனைவியின் தம்பி ஒஸ்மோவை. நல்லவன். அதிகம் பேசமாட்டான், எங்கள் பக்கத்து ஆட்களிலேயே அவன் கொஞ்சம் கூடுதலாகப் பேசமாட்டான். ஏரிக்கரைப் பட்டறையில் உட்கார்ந்து ஒரு பனிக்காலம் முழுக்க எனக்கென்று ஒரு துப்பாக்கி செய்தான். ரேகை ஓடிய பிர்ச் மரத்தில், தோளில் பொருத்தும் கட்டை. அதற்காக என் கை நீளம், கழுத்து நீளம், கன்ன எலும்பு, தோள்பட்டையின் சரிவு எல்லாவற்றையும் அளந்தான். வாழ்நாளெல்லாம் பிறருடைய தராசையும் பெட்ரோல் பம்பையும் அளந்தவனை ஒருவன் அளப்பது எனக்குப் புதிது, கொஞ்சம் கூச்சமாகவும் இருந்தது. கட்டை பொருந்துகிறதா என்று பார்க்கத் துப்பாக்கி செய்பவர்களிடம் ஒரு முறை உண்டு. "கண்ண மூடிக்கிட்டு துப்பாக்கிய தோள்ல வைங்க அத்தான். இப்ப கண்ணத் திறங்க. மேல இருக்கிற தொலைநோக்கியில வட்டம் முழுசா தெரியுதா?" என்பான். தெரியவில்லையென்றால் இழைப்புளியை எடுப்பான், இம்மியளவு சீவுவான், மறுபடியும் மூடச் சொல்வான். பனிக்காலம் முழுக்க நான் அங்கே கண்ணை மூடிக்கொண்டும் திறந்துகொண்டும் நின்றேன். இது பின்னால் வரும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

துப்பாக்கியோடு ஓர் இலக்கு அட்டையும் கொடுத்தான். அவன் சுட்டுப் பார்த்தது. மூன்று ஓட்டைகளும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு ஒரே ஓட்டைபோல இருந்தன. அதை நான் ஓரமாக வைத்துவிட்டேன். விற்பவன் நீட்டும் சான்றை நம்புகிறவன் ஆய்வாளனாக இருக்கத் தகுதியற்றவன் என்று இளையவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். சுயமாகச் சோதித்துப் பார்ப்பேன் என்றேன். "பாருங்க" என்றான் ஒஸ்மோ.

எல்க் மான் வேட்டை தொடங்குமுன் எங்கள் குழுவினர் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை சுடுதளத்தில் கூடித் துப்பாக்கிகளைச் சரிபார்ப்பார்கள். நான் வெர்னியர் அளவி, வெப்பமானி, காற்றின் போக்கைப் பார்க்க ஒரு குச்சியில் கட்டிய கம்பளி நூல், மடக்கு நாற்காலி, மணல்மூட்டை எல்லாவற்றோடும் போய் இறங்கினேன். வேட்டைத் தலைவன் தெர்ஹோ என்னைப் பார்த்து, "என்ன ரெய்னோ அண்ணே, சுட வந்தீங்களா, வீடு கட்ட வந்தீங்களா?" என்றான். அளவு தெரியாதவர்களோடு எனக்கு என்ன பேச்சு என்று இருந்துவிட்டேன்.

மணல்மூட்டையில் துப்பாக்கியைக் கிடத்தி ஐந்து முறை சுட்டேன். தெர்ஹோ பைனாகுலரில் பார்த்தான். நீண்ட நேரம் பார்த்தான். பிறகு, "அண்ணே, அஞ்சு குண்டு, அஞ்சு ஊரு" என்றான். குண்டில்தான் கோளாறு என்று நினைத்து வேறு பெட்டியைப் பிரித்தேன், மோசம். தொலைநோக்கியின் திருகு தளர்ந்திருக்குமென்று முறுக்கினேன், இன்னும் மோசம். மேசை ஆடுகிறது என்று பக்கத்து மேசைக்காரனைக் கிளப்பிவிட்டு அங்கே உட்கார்ந்தேன். வெயில் கண்ணில் அடிக்கிறது என்றேன். அப்போது மேகமூட்டமாக இருந்ததைக் கால்நடை மருத்துவர் யோர்மா மரியாதையாகச் சுட்டிக்காட்டினார். அவருடைய நாய் என் பக்கத்தில் மூச்சுவிடுகிறது, அந்த அதிர்வுதான் என்றேன். நாயைக் காரில் பூட்டினார்கள். ஒரு குண்டு அட்டையிலேயே படாமல், அட்டையைத் தாங்கிய மரச்சட்டத்தின் காலை முறித்தது. அட்டை மெதுவாகச் சாய்ந்து தரையில் படுத்துக்கொண்டது. யாராவது சிரித்திருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் தத்தம் தொப்பி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அம்மையார் அவர்களே, நான் எழுந்து நின்று, சுடுதளத்துக் காப்பிக் குடிசை வாசலில் சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்த ஒஸ்மோவைப் பார்த்துக் கத்தினேன். "இது துப்பாக்கியா, பூவாளியா? ஒரு பக்கம் ஊத்துனா ஊரெல்லாம் தெளிக்குது! இத வெச்சுக்கிட்டு மான சுட முடியாது, தோட்டத்துக்குத்தான் தண்ணி பாய்ச்சலாம்!" இது மட்டும் பலத்த சிரிப்பை வாங்கியது. முப்பதாண்டு பணியில் நான் சொன்ன எதற்கும் யாரும் சிரித்ததில்லை. அதனால் இன்னொரு முறையும் சொன்னேன். ஒஸ்மோ சாசேஜைத் திருப்பிப் போட்டான். அவ்வளவுதான் செய்தான்.

வாரம் முடிவதற்குள் ஊரில் அவனுக்கு 'பூவாளி ஒஸ்மோ' என்று பெயர் விழுந்துவிட்டது. கடையில் காப்பித்தூள் வாங்கப் போனால், "என்ன பூவாளி, மழை எப்படி?" என்று கேட்கிறார்களாம். எனக்கு உள்ளூரப் பெருமையாக இருந்தது, மறைக்காமல் சொல்கிறேன். அந்தப் பெருமையோடு உட்கார்ந்துதான் தங்களுக்கு அந்தக் கடிதத்தை எழுதி, ஒட்டி, தபாலில் போடச் சொல்லி ஐலாவிடம் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு, "என் தம்பியப் பத்தியா?" என்றாள். "பொதுமக்கள் நலன் பத்தி" என்றேன்.

நேற்று ஒஸ்மோ கூப்பிட்டான். "அத்தான், சுடுதளம் வரைக்கும் வாங்க. யாரும் இருக்கமாட்டாங்க." தவறை ஒப்புக்கொள்ளத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்து, பெருந்தன்மையோடு மன்னிப்பதற்கான வாசகங்களை வழியெல்லாம் தயார் செய்துகொண்டு போனேன். அவன் என் துப்பாக்கியை வாங்கி மூன்று முறை சுட்டான். மூன்றும் ஒரே ஓட்டை. வெர்னியர் கையில் இருந்தது, அளக்க மனம் வரவில்லை. "உன் கைக்குப் பழகின துப்பாக்கி" என்றேன். "உங்க கைக்குத்தான் அளவெடுத்தேன்" என்றான். "உக்காருங்க. ஒவ்வொரு குண்டா நான் போட்டுத் தரேன், நீங்க சுட்டா மட்டும் போதும்."

உட்கார்ந்தேன். முதல் குண்டு வெடித்தது, அட்டையின் இடது மூலைக்குப் போனது. அவன் துப்பாக்கியை வாங்கித் திரும்பி நின்று ஏதோ செய்து, மறுபடியும் கொடுத்தான். குறிபார்த்து விசையை இழுத்தேன். இழுத்த கையோடு, "பாத்தியா, பாத்தியா, மறுபடியும் இடது பக்கம்!" என்றேன்.

தூரத்தில் ஏரியில் யாரோ படகை இழுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. சத்தம் கேட்கிறதே, காது அடைக்கவில்லையே என்று அப்போதுதான் தோன்றியது.

"அத்தான், இந்தத் தடவ நான் குண்டே போடல."

குண்டு இல்லாத துப்பாக்கிக்கு நான் என்ன செய்திருந்தேன் என்பதை அப்போது பார்த்தேன். தோள் முன்னால் பாய்ந்திருந்தது. துப்பாக்கி முனை கீழே குத்திக்கொண்டு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் பார்ப்பதற்கு நான் முதலில் கண்ணைத் திறக்க வேண்டியிருந்தது. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன அம்மையார் அவர்களே, மருந்து குடிக்கும் குழந்தைபோல. ஒஸ்மோ பட்டறையில் கண்ணை மூடச் சொன்னான் என்றேனே, திறக்கச் சொன்னதும் அவன்தான். இரண்டாவதை நான் ஒருநாளும் சுடுதளத்துக்குக் கொண்டுவந்ததில்லை போலிருக்கிறது. என் பழைய துப்பாக்கியிலும் இதே கதையாகத்தான் இருந்திருக்கும். அதில் எப்படியோ அட்டையின் பெரிய வட்டத்துக்குள் போய் விழும், அதற்கு மேல் யாரும் அளந்து பார்த்ததில்லை. நுணுக்கமாக அளக்க வேண்டுமென்று கிளம்பியது நானேதான். ஊரிலுள்ள தராசையெல்லாம் பிழை பிழை என்று முத்திரை குத்தியவன், கடைசியில் சோதிக்காமல் விட்டது என்னை மட்டும்தான். வெட்கத்தில் எனக்குக் காது மடல் எரிந்தது.

ஒஸ்மோ ஃபிளாஸ்கைத் திறந்து காப்பி ஊற்றினான். "பழைய துப்பாக்கி கழுத மாதிரி உதைக்கும். அதுக்குப் பயந்து வந்த பழக்கம். இது உதைக்காது. மெதுவா சரி பண்ணிடலாம்" என்றான். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன், ஆனால் வெளியே வந்தது வேறு: "மாப்ளே, இது... யாருக்கும் தெரிய வேண்டாமே." அவன் காப்பியை ஊதிக்கொண்டே, "நான் என்னைக்குப் பேசியிருக்கேன்?" என்றான்.

வீட்டுக்கு வந்த பிறகு ஐலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெர்ஹோவும் கால்நடை மருத்துவரும் ஒஸ்மோவிடம் சொல்லி வைத்திருந்த துப்பாக்கிகளை வேண்டாமென்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த பனிக்காலத்துக்கு அவனுக்குக் கையில் வேலை இல்லையாம். இதையும் அவன் என்னிடம் சொல்லவில்லை. ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நான் கெட்டவன் இல்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

ஆகவே, அந்தக் கடிதமும் வெளிவந்தால் அவன் பட்டறையை மூட வேண்டியதுதான். அதை நீக்குங்கள், இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுங்கள், என் பெயரை எங்கும் குறிப்பிடாதீர்கள். இந்த முதியவனின் மானத்தைத் தாங்கள் காப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு, தங்கள் நாய்க்கு மோப்பம் குன்றாமலும், தங்கள் ஏரியில் பனிக்கட்டி உரிய காலத்தில் இறுகியும், தங்கள் வீட்டு சௌனா நீராவிக் குளியலறையில் சூடு குறையாமலும் இருக்க வேண்டுமென்று வாழ்த்தி விடைபெறுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகன்
(பெயர் வேண்டாம்)

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ஐலா கேட்டு வாங்கிப் படித்தாள். படித்துவிட்டு அடுப்படிக்குப் போய், மாவு டப்பாவுக்குப் பின்னாலிருந்து ஓர் உறையை எடுத்து வந்து மேசையில் போட்டாள். என் முதல் கடிதம். அவள் தபாலில் போடவே இல்லை. ஆக, எந்தக் கடிதத்தை நீக்கச் சொல்லித் தங்களைக் கெஞ்சினேனோ அது தங்களிடம் வந்து சேரவே இல்லை. மேலே நான் எழுதிய அத்தனையும் வீண்! எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டையும் சேர்த்து அடுப்பில் போடப் போனேன். ஐலா அடுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஏசினது ஊரு நடுவுல. மன்னிப்பு மட்டும் அடுப்புக்குள்ளயா?"

"எல்லாருக்கும் தெரிஞ்சா நான் எப்படி ஐலா வேட்டைக்குப் போவேன்? காப்பிக் குடிசையில எப்படி உக்காருவேன்?"

"என் தம்பி உக்காந்திருக்கான்ல?"

"இப்ப என்னைய என்னதான் பண்ணச் சொல்ற?"

"கண்ணத் திறந்து வெச்சுக்கிட்டு ஒரு தடவ சுடுங்க" என்றாள்.

அம்மையார் அவர்களே, முதல் கடிதம் எரிந்துவிட்டது. இதை அச்சிடுங்கள். நாயைப் பற்றி எழுதியதைக்கூட வெட்ட வேண்டாம், மரச்சட்டத்தின் காலையும் வெட்ட வேண்டாம். மீன் சூப்பை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம். துப்பாக்கி துல்லியமானது. அதைச் செய்தவன் பெயர் ஒஸ்மோ, வெறும் ஒஸ்மோ. அடைமொழி என்னுடையது, நான் எடுத்துக்கொள்கிறேன். கீழே பெயரைப் பெரிய எழுத்தில் போடுங்கள்:

பூவாளி ரெய்னோ ஹுத்துனென்