மஞ்சள் காரும் குட்டியானையும்

பரணியின் வயிறு எரிய வேண்டும். அது ஒன்று நடந்துவிட்டால் இந்த ஜென்மத்தில் வேறெதுவும் வேண்டாம் என்று தரணீதரன் முடிவு கட்டினார். அந்த முடிவிலிருந்துதான் மஞ்சள் கார் வந்தது.

பரணி அவருக்குப் பங்காளி, சித்தப்பா மகன். இருவருக்கும் திருப்பூரில் பனியன் கம்பெனி. வீடும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் ஏதாவது நடந்தால் இந்தப் பக்கம் தரணீதரனுக்குத் தூக்கம் போய்விடும். பரணி ஒரு நிட்டிங் மெஷின் இறக்கினால் இவர் இரண்டு இறக்குவார். பரணி மாடி எடுத்தால் இவர் மாடிக்கு மேல் மாடி எடுப்பார். பரணிக்குச் சிறுநீரகத்தில் கல் என்று கேள்விப்பட்டதும் இவரும் கோயமுத்தூர் போய் ஸ்கேன் எடுத்துக்கொண்டார். கல் இல்லை என்று டாக்டர் சொன்னபோது மனுஷன் முகம் வாடிப்போனது.

அப்படிப்பட்டவர் வாசலில் நிற்கையில், பரணி கூரை திறக்கிற புதுக் காரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊர்வலம் வந்தான். டிரைவர் ஓட்ட, கூரை வழியாக இடுப்பு வரை வெளியே நின்றுகொண்டு, ஓட்டுக் கேட்கிற வேட்பாளர் மாதிரி கைகூப்பினான்.

"அண்ணா, வணக்கமுங்க!"

தரணீதரன் உள்ளே போய்ப் படுத்துவிட்டார். அவர் மனைவி தெய்வாத்தாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனுங்க, சாப்பிட வாங்க. ரசம் ஆறுது."

"எனக்குப் பசிக்கல."

"பரணித் தம்பி என்ன வாங்கியிருக்குதுங்க?"

இருபத்திரண்டு வருஷக் குடித்தனம். நாடி பிடிக்காமலே நோய் சொல்லிவிடுவாள்.

அடுத்த மாதம் வீட்டு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. அதிலிருந்து, நிலாவில் ஓட்டுவதற்குச் செய்தது போல ஒரு மஞ்சள் கார் இறங்கியது. கதவு இரண்டு. உயரம் தரணீதரனின் இடுப்பளவு.

"எத்தன பேரு உக்காரலாமுங்க?" என்றாள் தெய்வாத்தாள்.

"ரெண்டு பேரு."

"இத்தாச்சோட்டுப் பெரிய காருக்கு ரெண்டே பேருங்களா?"

"வேகம் புள்ள, வேகம்! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள நூறு தொட்டுரும்."

"தொட்டு?"

இதற்கு விற்றவன் பதில் சொல்லித் தரவில்லை. தரணீதரன் காரைத் துடைக்கிற மாதிரித் திரும்பிக்கொண்டார்.

"நானும் ஓட்டிப் பாக்கட்டுங்களா?"

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மரத்துக் காக்கா பறந்தது. இந்தக் கேள்வியை அவள் பழைய காரிலும் கேட்டிருக்கிறாள், அதற்கு முந்தைய காரிலும் கேட்டிருக்கிறாள். "உனக்கெதுக்கு அம்மிணி அந்தத் தொந்தரவு? எங்க போகோணுமோ சொல்லு, சுடலை கொண்டுபோய் விடுவான்" என்பதுதான் எப்போதும் பதில். சுடலை கம்பெனியின் குட்டியானை டிரைவர், திருநெல்வேலிப் பக்கத்து ஆள். கல்யாணம், காட்சி எல்லாவற்றுக்கும் பனியன் பண்டலோடு பண்டலாக அந்தச் சின்ன லாரியின் முன்சீட்டில் போய் இறங்கிய பெருமை தெய்வாத்தாளுக்கு உண்டு. அவள் ரசத்தைச் சுடவைக்கப் போனாள்.

கார் வாங்கிய சுகத்தைத் தரணீதரன் மறுநாள் அனுபவித்தார். அந்தக் காரில் ஏறுவது என்ற பேச்சே கிடையாது, கிணற்றில் இறங்குகிற மாதிரி இறங்க வேண்டும். இறங்கி உட்கார்ந்தால் தொப்பை ஸ்டியரிங்கோடு ஒட்டி உறவாடியது. வெளியே பார்த்தால் பஸ்ஸின் சக்கரம் தெரிந்தது, பஸ் தெரியவில்லை. ஸ்டார்ட் செய்ததும் தெருநாய்கள் எல்லாம் ஊளையிட்டன. அவருக்குப் புல்லரித்தது.

அவிநாசி ரோட்டுக்கு வந்தார். முன்னால் ஒரு சாய ஆலை டேங்கர், பின்னால் ஒரு தண்ணீர் லாரி. கண்மூடித் திறப்பதற்குள் நூறு தொடுகிற கார் ஒரு சிக்னலிலிருந்து அடுத்த சிக்னலுக்கு வர ஒரு டீ ஆறுகிற நேரம் ஆனது. வேஸ்ட் துணி மூட்டையை மலைபோல் கட்டிய ஒரு மொபெட் இடதுபக்கமாக இவரைத் தாண்டிப் போனது. மொபெட்காரர் குனிந்து பார்த்து, "ஏனுங்க, வண்டி பஞ்சருங்களா, இப்படி உக்காந்துருச்சு?" என்று விசாரித்தார்.

ஒவ்வொரு வேகத்தடையிலும் காரின் அடிவயிறு கரகரவென்று உரசியது. உரசியது கார், வலித்தது தரணீதரனுக்கு.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். தாராபுரம் ரோட்டில் ஓரிடத்தில் பாதை காலியாகக் கிடைத்தது. காலை அழுத்தினார். யாரோ முதுகைப் பிடித்துத் தள்ளியது போல இருந்தது. காற்றாலைகள் எல்லாம் சரசரவென்று பின்னால் ஓடின. "ஆத்தா!" என்று கத்திவிட்டார். பயமா சந்தோஷமா என்று அவருக்கே தெரியவில்லை, கண்ணில் தண்ணீர் வந்தது. வந்த கண்ணீர் காய்வதற்குள் ஒரு நினைப்பு வந்து எல்லாவற்றையும் கெடுத்தது. இதைப் பார்க்கப் பரணி இல்லையே! அவன் அந்த வாரம் பார்த்து பனியன் வாங்குகிற வெளிநாட்டுப் பையரைப் பார்க்கப் போயிருந்தான். பரணி பார்க்காத வேகம் என்ன வேகம்?

வீட்டுக்கு வந்தவரைத் தெய்வாத்தாள்தான் இரண்டு கையையும் பிடித்து வெளியே தூக்கினாள். அன்றே காருக்கு உறை போட்டு மூடினார். நல்ல இடத்தில், நாலு பேர் நடுவில், பரணி கண்ணெதிரில்தான் திறப்பு விழா என்று தீர்மானித்தார்.

நல்ல இடம் தானாக வந்தது. அவர் தங்கை மருதாளை மூலனூரில் கொடுத்திருந்தார்கள். அவள் தோட்டத்தில் புது வீடு கட்டிக் குடிபோகிறாள். பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோக வேண்டும். பங்காளி என்ற முறையில் பரணியும் வருவான்.

"கார்ல போறோம் புள்ள. நீயும் நானும்."

"சரிங்க. சீர எங்க வெக்கறதுங்க?"

"டிக்கியில."

தெய்வாத்தாள் காரைச் சுற்றி வந்தாள். பின்னால் இஞ்சின் இருந்தது. டிக்கி முன்னால் இருந்தது, அதில் ஒரு தேங்காய்ப் பை வைத்தாலே மூடி மூட மறுத்தது.

"பித்தளை அண்டா, குடம், கிரைண்டரு, அரிசி மூட்ட, வாழைத்தாரு, தட்டு வரிசை. இதெல்லாம் உங்க மடியில வெச்சுக்கறீங்களா?"

"சுடலை குட்டியானையில ஏத்திட்டு வரட்டும்."

"சுடலை ஊர்ல கோயில் கொடைத் திருவிழாங்க. லீவு கேட்டுச்சு, குடுத்துட்டனுங்க."

"வேற ஆரையாச்சும் விடு."

"ஏனுங்க, கூடப்பொறந்தவன் சீர ஆளுகிட்டக் குடுத்து உடறதுங்களா? உங்கப்பா மாட்டு வண்டியில அவரே ஓட்டிட்டுப் போயி எறக்குவாருன்னு நீங்கதானுங்க சொல்லுவீங்க. ஆளு கொண்டுவந்தா அது சீருங்களா? பார்சலுங்க."

தரணீதரன் திகைத்தார். தொழில் தொடங்கிய காலத்தில் அவரே பண்டல் ஏற்றி டெம்போ ஓட்டியவர்தான். குட்டியானை ஓட்டுவது பெரிய காரியமில்லை. ஆனால்...

"அப்ப காரு?"

"ஊட்லயே இருக்கட்டுமுங்க. பத்தரமா இருக்கும்."

"பரணி வருவான் புள்ள!"

வாயிலிருந்து வந்துவிட்டது. தெய்வாத்தாள் கவலையோடு கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"அதும் சரிதானுங்க. அப்ப ஒண்ணு பண்ணலாம். நீங்க சீர ஓட்டிட்டு வாங்க. கார வேணும்னா... நான் கொண்டாரனுங்க."

இந்த முறை அவருக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் அவள் கையில் லைசென்ஸ் இருந்தது.

"ஆரு கத்துக் குடுத்தா?"

"சுடலைதானுங்க. குட்டியானையில. கம்பெனி காம்பவுண்டுக்குள்ளயே."

"எப்ப?"

"நீங்க மொட்டமாடியில நின்னு பரணி ஊட்டப் பாத்துட்டு இருப்பீங்கல்ல, அப்பத்தானுங்க."

"வேகத்தடை வந்தா?"

"சாய்வா ஏறி எறங்கோணுமுங்க. மருதாளுக்குப் போன் போட்டு வழியக் கேட்டுட்டன். தோட்டம் வரைக்கும் காங்கிரீட் போட்டுட்டாங்களாம்."

விழாவன்று தரணீதரன் குட்டியானையில் மூலனூருக்குப் போனார். பின்னால் அண்டாவும் குடமும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தன. வெள்ளகோவில் தாண்டும்போது ஒரு மஞ்சள் மின்னல் இவரைத் தாண்டிப் போனது. ஹாரன் அடித்தது. குட்டியானையும் "பீப்" என்று பதில் சொன்னது.

தோட்டத்து வாசலில் மேளம் முழங்கியது. சனமெல்லாம் மஞ்சள் காரைச் சுற்றி நின்றது. பட்டுப்புடவையில் தெய்வாத்தாள் கதவைத் தூக்கித் திறந்து காட்டிக்கொண்டிருந்தாள். தரணீதரன் வேட்டியை மடித்துக் கட்டி, கிரைண்டரைப் பிடித்து இறக்கினார்.

மருதாளின் மாமனார் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"மாப்ள! கம்பெனி மொதலாளி நீங்களே ஓட்டிட்டு வந்தீங்களா! பொறந்தவன்னா இப்படி இருக்கோணும். பரணி மாப்ள சீர டிரைவருகிட்டக் குடுத்துட்டு வெறுங்கையோட வந்துருக்கறாரு."

பரணி பக்கத்தில்தான் நின்றான். அவன் கூரை திறக்கிற கார் வேப்பமரத்தடியில் கேட்பாரற்றுக் கிடந்தது. அவன் மனைவி சுபஸ்ரீ அவன் முழங்கையைப் பிடித்து உலுக்கினாள்.

"பாத்தீங்களா? அக்காளுக்கு இப்படிக் காரு வாங்கிக் குடுத்துட்டு, பெரிய மாமா குட்டியானை ஓட்டிட்டு வர்றாரு. நீங்களும் இருக்கறீங்களே! கூரையப் பிச்சுட்டு நின்னு கும்புடத்தான் லாயக்கு."

பரணியின் முகம் சுண்டியது. தொண்டையைச் செருமினான்.

"ஏனுங்ணா... அண்ணிக்கா வாங்குனீங்க?"

ஊரே திரும்பிப் பார்த்தது. மேளக்காரர்கூட அடிப்பதை நிறுத்தினார்.

தரணீதரன் பரணியைப் பார்த்தார். உதடு காய்ந்து, கண் சிவந்து, மூக்கு விடைத்து... வாழ்நாளெல்லாம் தவம் கிடந்து காத்திருந்த முகம்! வயிறு எரிகிறது, எரிகிறது, நன்றாகவே எரிகிறது. "இல்லடா, அது எனக்குன்னு வாங்குன என்ற காரு" என்று சொன்னால் அந்த நெருப்பு அணைந்துவிடும். சொந்தக் காரைப் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டுக் கிரைண்டர் சுமந்தவன் என்று பரணி சிரிப்பான். அந்தச் சிரிப்பைத் தாங்க முடியுமா?

"பின்ன? அவளுக்குத்தான் வாங்குனேன்," என்றார் தரணீதரன், நெஞ்சை நிமிர்த்தி.

சுபஸ்ரீ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பெண்கள் எல்லாரும் தங்கள் புருஷன்மாரைப் பார்த்தார்கள். புருஷன்மார் எல்லாரும் தரணீதரனை முறைத்தார்கள். தெய்வாத்தாள் மட்டும் வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இலை போட்டதும் தரணீதரன் இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தார். இவ்வளவு இனிப்பான பாயசத்தை அவர் குடித்ததே இல்லை.

கை கழுவும்போது போன் அடித்தது. சுடலை.

"மொதலாளி, நல்லபடியா போய்ச் சேந்தியளா?"

"சேந்தாச்சு. கொடையெல்லாம் எப்படி?"

"கொடை அடுத்த மாசம்லா! அம்மாதான், 'இந்த வாரமே போயிட்டு வா சுடல'ன்னு டிக்கெட்டு எடுத்துக் குடுத்தாவ. நல்லாருக்கட்டும் மகராசி."

தரணீதரன் வேக வேகமாக வாசலுக்கு வந்தார். மஞ்சள் கார் உறுமிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் சுபஸ்ரீ உட்கார்ந்து பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தாள். கண்ணாடி மெல்ல இறங்கியது. தெய்வாத்தாள் கையை நீட்டி, அவர் வண்டியிலேயே விட்டிருந்த குட்டியானைச் சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏனுங்க, மருதாள் முருங்கக்கா ரெண்டு மூட்ட குடுத்துச்சு, ஏத்தியாச்சு. பாத்து வாங்க. என்ற காருக்குப் பின்னாடி ரொம்ப ஒட்டிட்டு வராதீங்க, கீறல் உழுந்துரும்."