செல்லியம்மாள் ஆரோக்கியத்துக்கு ஒரு கிளாஸ்

'இனி எனக்கென்று ஒரு சொட்டும் குடிக்க மாட்டேன்' என்று மனைவி முன்னால் சூடம் அணைத்துச் செய்த சத்தியம் கெடாமல் ஒரு பாட்டில் ரம்மைக் குடிப்பது எப்படி? ஜவ்வாது மலையிலேயே இதற்கு வழி கண்டவர் தான் ஒருவர்தான் என்று கோபால்சாமிக்கு நினைப்பு. பட்டாளத்தில் பதினைந்து வருஷம் சமையல்காரராக இருந்தவர். ஆபீசர் விருந்துகளைக் கதவிடுக்கில் பார்த்துச் சேர்த்த ஞானம் அது.

ஆலங்காயத்தில் பழைய சிநேகிதன் கொடுத்த பாட்டிலைப் பிள்ளைத்தாய்ச்சி வயிற்றைப் போலப் பிடித்துக்கொண்டு, குலுங்கும் ஜீப்பில் புதூர்நாடு வந்து சேர்ந்தார். மனைவி செல்லியம்மாள் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அது?"

"ரம்மு. பதறாத. எனக்கில்ல. உன் ஒடம்பு நல்லா இருக்கணும்னு குடிக்கப் போறேன்."

"என் ஒடம்புக்கு நீங்க குடிக்கறதா?"

"வெள்ளக்காரன் பழக்கம்டி. பேரச் சொல்லி, கிளாசத் தூக்கி, மடக்குன்னு வுட்டா அவங்களுக்கு ஆயுசு கூடும். ராணிக்கே அப்டித்தான்!"

"நம்ம ஊர்ல செத்தவங்களுக்குன்னு மொத சொட்ட தரையில வுடுவோம். அவன் உசுரோட கீறவங்களுக்குத் தொண்டையில வுடறானா?"

"அதேதான்!"

"அப்ப எனக்கும் ஒரு வாய் ஊத்துங்க."

கோபால்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அய்யய்யோ! யாரு பேருக்குக் குடிக்கறமோ அவங்க தொடவே கூடாது. கையக் கட்டிக்கினு சிரிச்சிக்கினு ஒக்காரணும். அதான் சட்டம்."

"சட்டம்னா சட்டந்தான்" என்று செல்லியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள். இவ்வளவு லேசில் ஒப்புக்கொள்கிறவள் இல்லை அவள். ஆனால் நாக்கு ஊறும்போது புத்தி எங்கே வேலை செய்கிறது?

அவள் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். புளி உலுக்க வந்த அவள் அண்ணனும் தம்பியும் அங்கே இருந்தார்கள். "ரங்கண்ணே! டேய் சின்னதம்பி! கிளாசு எட்தாங்க!"

"அவங்க எதுக்குடி?"

"எனக்கு இன்னா கேடு? கல்லாட்டம் கீறேன். ராவெல்லாம் இருமறது நீங்கதான். உங்க ஒடம்புக்கே குடிச்சிடலாம். கையக் கட்டுங்க."

கட்டினார். வேறு என்ன செய்வது, சட்டம் போட்டவரே அவர்தானே.

"மாப்ள இருமல் போவணும்!" என்று ரங்கன் ஒரு கிளாஸ்.

"மாமா பல்லு கெட்டிப்படணும்!" என்று சின்னதம்பி ஒரு கிளாஸ்.

இடுப்புக்கு ஒன்று. கண்ணுக்கு ரெண்டு, ஆளுக்கு ஒரு கண். தலைமயிர் திரும்ப முளைக்கட்டும் என்று ஒன்று. ஒவ்வொரு மடக்குக்கும் கோபால்சாமியின் நெஞ்சு ஓவென்று அழுதது. உதடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

கடைசியில் சின்னதம்பி பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தான். அவன் கண் கலங்கிவிட்டது. "அக்கா, காலியாப் பூட்சி. மாமாவோட எடது முட்டி மட்டும் பாக்கி."

"வுடுடா" என்றாள் செல்லியம்மாள். "அதுக்கு நான் வேப்பெண்ண தடவி வுடறேன்."