எதற்கும் ஒன்று கிழிப்பவர்

கைகள் கிழித்துக்கொண்டிருக்கின்றன. பஞ்சுப் பொதி, கையுறைப் பொதி, ஒருமுறை அணிந்து எறியும் நீல அங்கி, தையல் நூல், இன்னொரு தையல் நூல். மேசை நிறைந்துவிட்டது, கைகள் நிற்கவில்லை. வாசகரே, ‘எதற்கும் ஒன்று’ என்னும் இனம் இதுதான். வீடுகளிலும் உண்டு. முழு வளர்ச்சியைக் காண ஆஸ்பத்திரியின் ஒப்பரேஷன் தியேட்டருக்குத்தான் வர வேண்டும்.

கல்முனைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் தாதி, இந்தக் கைகளுக்குரிய ஸுலைஹா மிஸ்ஸி, கலியாண வீட்டில் பலர் கூடியுண்ணும் சகன் தட்டில் கறி குறையும் முன்பே அடுத்த கோப்பையை நீட்டும் குடும்பத்தில் பிறந்தவர். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த அன்று கட்டுத்துணி இல்லாமல் தன் சாரியைக் கிழித்துக் காயம் கட்டியவர். அதன்பின் வந்து குவிந்த நிவாரணப் பெட்டிகளோ, சண்டை முடிந்த இந்த வருடமும் தீரவில்லை. குறைய விடுவாரா?

“ஒரு குடலிறக்கத்துக்கு இவ்வளவா மிஸ்ஸி?” என்றார் டொக்டர் புண்ணியமூர்த்தி.

“எதுக்கும் இரிக்கட்டும் டொக்டர்.”

கல்முனைக்குடி மீனவர் முனாபின் வயிறு நன்றாகவே தைக்கப்பட்டது. பிரித்த பொதியைத் திரும்ப வைக்க முடியாது. தொடாத மிச்சமெல்லாம் பை பையாகப் பின்புறக் குப்பைக் குழியில் எரிந்தது. கச்சான் காற்று அந்தப் பிளாஸ்டிக் புகையை நேரே வார்டுக்குள் கொண்டுவந்தது. முனாப் இருமினார். குடலிறக்கம் தைத்தவர் செய்யக் கூடாத வேலை அது. தையல் விட்டது.

மறுநாள் அதே மேசையில் மறுபடி முனாப். கைகள் பொதியைத் தேடின.

“நான் கேட்டாத்தான் கிழிக்கணும்,” என்றார் டொக்டர். “மிச்சம் விழுந்தா எரிப்பாங்க, இவர் இருமுவார். இன்னொருக்காத் தைக்க இந்த வயிறு தாங்காது.”

அவித்தெடுத்த பழைய துணி விரிப்புகள் அலுமாரியிலிருந்து வந்தன. கேட்டது மட்டும் திறக்கப்பட்டது. விருந்தாளி முன் வெறும் பீங்கானை வைத்தவர் போல ஸுலைஹாவுக்கு வியர்த்தது. கடைசிவரை ஒன்றும் குறையவில்லை. அதுதான் அவருக்குப் பெரிய வருத்தம்.

வாசலில் முனாபின் மனைவி சுபைறா, வெளியே போன ஒற்றைப் பையையே பார்த்து நின்றார்.

“நேத்துப் பை பையாப் போனிச்சே மிஸ்ஸி. இண்டைக்கு ஒண்டுதான். ஏழை எண்டு குறைச்சிட்டீங்களா?”

சிரிக்காதீர்கள். உங்கள் ஆளை உள்ளே படுக்க வைத்துவிட்டு வெளியே நின்றிருந்தால், நீங்களும் பையைத்தானே எண்ணியிருப்பீர்கள்?

சற்று முன் உள்ளே அதே கேள்வியை டொக்டரிடம் கேட்க வாயெடுத்தவர்தான் ஸுலைஹா.

“ஓம் புள்ள, குறைச்சிட்டம். குறைச்சது புகைய. இந்தாங்க, உங்கட ஆள்,” என்று தள்ளுவண்டியின் பிடியை அவர் கையில் கொடுத்தார்.