அண்ணாந்து குடித்த கொயினா

தொண்டைமானாற்றுக்குப் பக்கத்து ஊரொன்றில் காய்ச்சல் பரவியது. குடிமக்கள் நடுங்கும்போது அரசாங்கம் சும்மா இருக்குமா? மூன்று மாதம் தீர ஆலோசித்து, மருந்து கொடுக்க அப்போதிக்கரி தம்பிராசாவையும் ஒரு சாடி கொயினாத் தண்ணீரையும் ஒரேயொரு கிளாசையும் அனுப்பிவைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் காலையில், அக்கரையிலிருந்து சுண்ணாம்புச் சூளை வேலைக்குப் பிள்ளைகுட்டிகளோடு வந்த கூலிகள் குடிக்கவேண்டும். மாலையில் ஊரார் குடிக்கவேண்டும். எல்லாம் அப்போதிக்கரியின் கண்முன்னே நடக்கவேண்டும்.

இதைக் கேட்ட ஊர்த்தலைவர் விதானையார் சீவரத்தினத்துக்குக் காய்ச்சல் இல்லாமலே நடுக்கம் கண்டது. சூளைக்காரன் வாய் வைத்த கிளாசில் ஊரவன் வாய் வைப்பதா? அரசாங்கத்தையும் பகைக்க முடியாது, ஆசாரத்தையும் விட முடியாது. கடைசியில் ஒரு வழி கண்டார். ஊரார் கிளாசை உயரப் பிடித்து அண்ணாந்து குடிப்பது என்று தீர்மானமாயிற்று.

தண்ணீரை அப்படிக் குடிக்கலாம். கொயினாவோ தொண்டையில் விழுந்ததும் கசப்பில் புரைக்கேறி, மூக்காலும் வாயாலும் வெளியே வந்தது. முன்னால் நின்றவர்களின் சால்வைகள்தான் மருந்தைக் குடித்தன. கிளாஸ் வெறுமையானால் அப்போதிக்கரிக்குத் திருப்தி. சூளைக்காரர் நாகரிகம் தெரியாதவர்கள். வாய் வைத்து மடமடவென்று குடித்துவிட்டு எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஊர் மட்டும் மானத்தோடு படுத்துக் கிடந்தது.

விதானையாரின் ஒரே மகள் பத்மாசினியும் கிடந்தாள். பிள்ளை பிதற்றத் தொடங்கியதும் மனைவி ஞானாம்பிகைக்குப் பொறுக்கவில்லை.

“பிள்ளை போனாப் பேந்து உங்கடை ஆசாரத்தை ஆரிட்டைக் குடுக்கப் போறியள்? வாற வெள்ளி சூளைக்குக் கொண்டு போங்கோ. வாய் வைச்சுக் குடிக்கட்டும்.”

விதானையார் ஓமென்றார். பெற்ற மனம் அல்லவா?

அந்தக் கிழமைதான் பட்டினத்திலிருந்து பெரிய டாக்குத்தர் காரில் வந்தார். ஊரார் அண்ணாந்து குடித்துக் காட்டியதைக் கண்டு பூரித்துப்போனார். வாய் படாவிட்டால் கிருமி தொற்றாது, இதுவல்லவோ விஞ்ஞானம் என்றார். விதானையாருக்கு மாலை போட்டார். விதானையார் அரைமணி நேரம் நன்றி கூறினார். காய்ச்சல் குறைந்ததா என்று டாக்குத்தர் கேட்கவில்லை. சபையின் மங்களம் கெடும் என்று ஊராரும் சொல்லவில்லை.

வெள்ளி காலை, வண்டிலுக்குச் சீலை கட்டி மறைத்து, விதானையார் மகளைச் சூளைக்குக் கொண்டுபோனார். அங்கே கூலிகள் ஏதோ முணுமுணுத்தபடி, குடிக்காமல் நின்றார்கள். அவர் யாரையும் பாராமல் பிள்ளையின் வாயைக் கிளாசருகே கொண்டுபோனார். அப்போதிக்கரி கிளாசைப் பின்னுக்கு இழுத்தார்.

“வாய் முட்டப்படாது, விதானையார்.”

“பிள்ளை துவண்டுபோய்க் கிடக்கிறாள். அண்ணாந்தால் ஒரு துளியும் உள்ளுக்குப் போகாது. இண்டைக்கு மட்டும் விடுங்கோ.”

“நான் என்ன செய்யிறது? பெரிய டாக்குத்தரின்ரை கட்டளை. இனிக் குடாநாடு முழுக்க உங்கடை முறைதான்.”

விதானையார் மகளின் தலையை அண்ணாக்கப் பிடித்தார். மருந்து அவர் நெஞ்சில் வடிந்தது. அதுவரை முணுமுணுத்த சூளைக்காரர், ஊர்ப் பெரியவரே செய்கிறாரே என்று, தங்கள் பிள்ளைகளின் தலைகளையும் அப்படியே பிடித்தார்கள்.