படம் பார்ப்பவரைப் பார்ப்பவர்

படம் பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். படம் காட்டுகிறவர்களை இன்னும் நன்றாகத் தெரியும். அவர்களுக்குத் தியேட்டர்கூட வேண்டாம், நாலு பேர் நின்றால் போதும். இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு பிறவி இருக்கிறது. அது படம் பார்க்காது. தனக்குப் பிடித்த படத்தை உங்களுக்குப் போட்டுவிட்டு, பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, உங்கள் முகத்தைப் பார்க்கும். கதாநாயகன் வாயைத் திறப்பதற்கு ஒரு நொடி முன்னால் சட்டென்று உங்கள் பக்கம் திரும்பும். நீங்கள் சிரித்தீர்களா, அந்த வசனத்தைத் தானே எழுதித் தானே பேசி நடித்தது போல அதற்கு ஒரு பூரிப்பு. சிரிக்கவில்லையா, "சரியா கேக்கலையோ?" என்று ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டும். கொட்டாவி விட்டீர்களோ, தொலைந்தீர்கள். அன்றோடு உறவு முறிந்தது.

எக்ஸ்ரேக்காரர் இந்த இனத்தில் முதல் தரம்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் எக்ஸ்ரே எடுப்பது அவர் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை "மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க, ம், விடுங்க" என்று சொல்லிச் சொல்லி, மனிதர்கள் தாம் சொன்னால்தான் மூச்சு விடுவார்கள் என்ற எண்ணம் அவருக்கு எப்படியோ வந்துவிட்டது. அந்த எண்ணத்தோடு வீட்டுக்கு வந்தவர் சும்மா இருப்பாரா? சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு திரைப்பட ரசிகர் வட்டம் ஆரம்பித்தார். வட்டம் என்றால் நாலே பேர். அவர், பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தருவதால் புருஷன் உட்பட எல்லோருக்கும் டீச்சராகிவிட்ட அவர் மனைவி, லிஃப்ட் மெக்கானிக்கான டீச்சரின் தம்பி, கீழ்வீட்டில் இருக்கும் மருந்துக்கடை அக்கா. அக்கா வட்டத்துக்குப் புதுசு, சேர்ந்து இரண்டு மாதம்தான்.

விதிமுறைகள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டிருந்தன. வாரம் ஒருவர் படம் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்தவர் ஐந்து நிமிடம் அதைப் புகழ்ந்து பேசலாம். மற்றவர்கள் முழுப் படத்தையும் பார்த்தே ஆக வேண்டும். 'போர்' என்ற சொல்லுக்குத் தடை.

மெக்கானிக்கின் முறை வந்தால் சண்டைப் படம். அதில் எங்கேயாவது லிஃப்ட் அறுந்து விழுந்தால் படம் நிற்கும். "மாமா, இது நடக்கவே நடக்காது. உள்ள பிரேக் இருக்கு, பிடிச்சுக்கும்" என்று பத்து நிமிடம் பாடம் நடத்திவிட்டுத்தான் மறுபடி ஓட விடுவான். அக்காவின் முறை வந்தால் பேய்ப் படம். அக்கா அதை முழுக்கக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு பார்த்துவிட்டு, "என்னமா எடுத்திருக்கான்!" என்பாள். எக்ஸ்ரேக்காரர் முறை வந்தால் ஐந்து நிமிடப் புகழுரை நாற்பது நிமிடம் போகும், படத்தில் யார் யார் சாகிறார்கள் என்ற விவரத்தோடு.

டீச்சர் முறை வந்தால்? அங்கேதான் விஷயம். டீச்சர் முறை வந்தாலும் எக்ஸ்ரேக்காரர்தான் தேர்ந்தெடுப்பார். "எங்க ரெண்டு பேருக்கும் ஒரே ரசனை" என்பார். வட்டம் தொடங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. டீச்சர் இதுவரை ஒரு படம்கூடப் போட்டதில்லை. கணக்கு டீச்சருக்கு இந்தக் கணக்கு தெரியாமலா இருக்கும்?

அந்தச் சனிக்கிழமை, எல்லோரும் டீயும் பிஸ்கட்டுமாக உட்கார்ந்த பிறகு, டீச்சர் சொன்னாள்: "இன்னிக்கு என் முறை. நான் ஒரு படம் எடுத்து வச்சிருக்கேன்."

"என்ன படம்?"

"சின்னக் காமெடி. ஒன்றரை மணி நேரம்தான்."

"காமெடியா?" எலும்பில் விரிசலைக் கண்டது போல எக்ஸ்ரேக்காரரின் புருவம் ஏறியது. "அதெல்லாம் எப்ப வேணா பாக்கலாம் டீச்சர். அக்கா இன்னும் நம்ம படத்தைப் பாக்கல. தெரியுமா உனக்கு? இந்த வயசு வரைக்கும் பாக்கல! உன் படம் எங்க ஓடிப்போயிடப் போகுது?"

டீச்சர் எழுந்துபோய் அலமாரியிலிருந்து தலைவலித் தைலக் குப்பியை எடுத்துக்கொண்டு வந்து, தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

'நம்ம படம்' எது என்று நீங்கள் கேட்பீர்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் டீச்சர் கணுக்கால் பிசகி எக்ஸ்ரே எடுக்க வந்தாள். அவர் கேட்ட முதல் கேள்வி, "வலிக்குதா?" இரண்டாவது கேள்வி, "இந்தப் படம் பாத்திருக்கீங்களா?" பார்த்ததில்லை என்றாள். கட்டுப் போட்ட காலோடு அவளை அந்தப் படத்துக்கே கூட்டிக்கொண்டு போனார். கடைசிக் காட்சியில் வழக்கம்போல முகத்தைத் திரும்பிப் பார்த்தார். அவள் கன்னத்தில் தாரை தாரையாகக் கண்ணீர். அந்த நிமிஷமே முடிவு செய்துவிட்டார், கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று. ஆகவே அது வெறும் படம் இல்லை. அந்தக் குடும்பத்தின் அஸ்திவாரம்.

திரைச்சீலையை இழுத்து மூடினார். போன்களை வாங்கி ஒரு டப்பாவில் போட்டார். பிறகு எழுந்து நின்று புகழுரையைத் தொடங்கினார். ஆற்றில் படகு ஓட்டும் அண்ணன், கோபித்துக்கொண்டு போன தம்பி, பன்னிரண்டு வருஷம் கழித்து அவன் திரும்பி வரும் கடைசிக் காட்சி. "தம்பி அக்கரையில நிக்குறான். அண்ணன் இக்கரையில. வசனம் கிடையாது. மியூசிக் கிடையாது. அண்ணனோட கை மட்டும் மெதுவா மேல போகும், 'வாடா'ங்குற மாதிரி. அவ்வளவுதான்! உலகத்துல இப்படி ஒரு கையை எவனும் எடுத்ததில்ல, இனி எடுக்கவும் முடியாது!"

"மொத்தக் கதையையும் சொல்லிட்டீங்களே சார்" என்றாள் அக்கா.

"தெரிஞ்சு பாத்தாதான் அருமை புரியும். ஆடாதீங்க, ஆரம்பிக்குது."

இரண்டே முக்கால் மணி நேரம். மெக்கானிக் முன்பு மூன்று முறை இதைப் பார்த்தவன். மூன்று முறையும் இடைவேளைக்குப் பிறகு கண்ணைத் திறந்துகொண்டே தூங்கியவன். இந்தத் தடவை மாமா தன்னைக் கவனிக்கவில்லை என்ற நிம்மதியில் அவனுக்குத் தூக்கம்கூட வரவில்லை. மாமாவின் கவனமெல்லாம் அக்கா மேல்தான். நாற்காலியைத் திருப்பி, டிவிக்குக் கிட்டத்தட்ட முதுகைக் காட்டிக்கொண்டு, கண்கொத்திப் பாம்பாக அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பாவம், பிஸ்கட் சாப்பிடவும் கூச்சப்பட்டு, கடித்த துண்டை வாயிலேயே ஊறவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடைசிக் காட்சி வந்தது. எக்ஸ்ரேக்காரர் மூச்சைப் பிடித்தார். ஒரு கண் அக்கா மேல், ஒரு கண் டீச்சர் மேல். டீச்சரின் கண்ணில் நீர் வழிந்தது. அக்காவின் நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. படம் முடிந்தது.

"எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு சார்" என்று அக்கா இழுத்தாள். "ஆனா, அண்ணன் ஏன் கூப்பிடாமலே வீட்டுக்குள்ள போயிட்டாரு?"

"கூப்பிடாமயா? கையைத் தூக்கினாரே!"

"எங்க தூக்கினாரு? தம்பியைப் பாத்தாரு, முதுகைக் காட்டிட்டுப் போயிட்டாரு. கதவை மட்டும் திறந்தே விட்டுட்டுப் போனாரு."

எக்ஸ்ரேக்காரர் சிரித்தார், அரைகுறையாகப் படித்த மாணவனைப் பார்த்து வாத்தியார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. "நீங்க சரியா கவனிக்கல."

"இல்ல மாமா, அக்கா சொல்றது சரிதான். நானும் பாத்தேன்" என்றான் மெக்கானிக்.

"நீ தூங்கியிருப்ப."

"இந்தத் தடவை தூங்கல மாமா!" என்றான். முந்தைய மூன்று தடவைகளின் லட்சணம் அந்த ஒரு வார்த்தையில் வெளியே வந்துவிட்டது.

ரிமோட் எடுக்கப்பட்டது. படம் பின்னால் ஓடியது. பல வருஷத்தில் முதல் தடவையாக எக்ஸ்ரேக்காரர் நாற்காலியை டிவி பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து கடைசிக் காட்சியைப் பார்த்தார். தம்பி அக்கரையில் வந்து நின்றான். அண்ணன் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு திரும்பி, வீட்டுக்குள் போனான். கதவு திறந்தே கிடந்தது. ஒரு கை மேலே போனது உண்மைதான். அது கரையில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த யாரோ ஒரு ஆளின் கை. அவன் காக்கா விரட்டினான்.

பத்தொன்பது வயதில் முதல் தடவை பார்த்தபோது முன் வரிசை ஆளின் தலை திரையில் பாதியை மறைத்ததும், தலைக்கு மேலே ஒரு கை மட்டும் தெரிந்ததும் அவருக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு எப்போது பார்த்தார்? யார் யாரையோ பார்த்தார்.

"டீச்சர், உனக்குத் தெரியுமா இது?"

"தெரியும்."

"எப்பத்திலேர்ந்து?"

"முதல் தடவையிலேர்ந்து."

"அப்ப எதுக்கு அழுத?"

டீச்சர் தம்பியைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள், பிறகு சொல்லியே விட்டாள். "பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போறப்ப என் கட்டுப் போட்ட கால் மேல ஏறி மிதிச்சிட்டுப் போனாரு. உயிர் போயிடுச்சு."

"அதுக்கப்புறம்? வருஷா வருஷம் அழுதியே? இப்பக்கூட!"

அக்கா டீச்சரின் மடியில் இருந்த தைலக் குப்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஐயோ டீச்சர், இதைக் கண்ணுக்கா தடவினீங்க? உங்களுக்கு ஓயாம தலைவலின்னுல்ல நான் நினைச்சேன்!" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று அவளுக்குத் தோன்றியது. டப்பாவிலிருந்து தன் போனை எடுத்துக்கொண்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று சொல்லிக் கீழே இறங்கிப் போய்விட்டாள். மெக்கானிக்குக்கும் திடீரென்று எங்கேயோ ஒரு லிஃப்ட் நின்றுபோய்விட்டது.

எக்ஸ்ரேக்காரர் திரைச்சீலையை விலக்கவும் இல்லை, விளக்கைப் போடவும் இல்லை.

"பதினெட்டு வருஷமா என்னை ஏமாத்தியிருக்க."

"ஆமா" என்றாள் டீச்சர். "அழலைன்னா திரும்பத் திரும்பப் போடுவீங்க. அதுக்காகத்தான் முதல்ல. அப்புறம் அதுவும் இல்ல. நீங்க திரும்பி என்னைப் பாப்பீங்க பாருங்க, பரீட்சை ரிசல்ட் பாக்க வந்த பையன் மாதிரி. அந்த முகத்தைப் பாத்துட்டு எப்படிங்க ஃபெயில்னு சொல்றது?"

அவர் ரிமோட்டை எடுத்து டிவியை அணைத்தார்.

"ஆனா ஒண்ணு" என்றாள் டீச்சர். "எனக்கும் காமெடி பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியவே தெரியாது. என் முகத்தையே பாத்துட்டிருந்தீங்க. என்னத்தப் பாத்தீங்க?"

அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அவர் அவராகவே இல்லை. செவ்வாய்க்கிழமை ஒரு பெரியவரை நிற்கவைத்து, "மூச்சைப் பிடிங்க" என்று சொன்னவர், விடச் சொல்ல மறந்துவிட்டு எங்கேயோ வெறித்துக்கொண்டு நின்றார். முகம் சிவந்துபோன பெரியவர், கையால் சைகை காட்டி அனுமதி கேட்டார். வீட்டில் மூன்று நாள் பேச்சு இல்லை. புதன்கிழமை, "டீ இருக்கா?" என்றார். வியாழக்கிழமை ஃப்ரிட்ஜ் கதவில் இருந்த விதிமுறைக்குக் கீழே, 'சனி: டீச்சர்' என்று பேனாவால் எழுதி அடிக்கோடும் போட்டார். இதற்கு மேல் அவர் இனத்தில் யாரும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை.

சனிக்கிழமை நாலு பேரும் கூடினார்கள். அக்காவும் மெக்கானிக்கும் கண்ணாடிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் போல ஆடாமல் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சரின் புகழுரை இவ்வளவுதான்: "பாருங்க. சிரிப்பு வந்தா சிரிங்க."

வீடு மாற்றுகிற ஒரு புருஷன் பெண்டாட்டி, ஒரு பீரோ, குறுகலான ஒரு மாடிப்படி. பீரோ மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. டீச்சர் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சிரிப்பு இல்லை, தொடையில் தட்டிக்கொண்டு, கால் இரண்டையும் நாற்காலி மேல் தூக்கிவைத்துக்கொண்டு, வகுப்பில் பிள்ளைகள் கேட்டால் மயங்கி விழுகிற மாதிரி ஒரு சிரிப்பு. எக்ஸ்ரேக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி ஒரு சத்தம் இந்த வீட்டில் கேட்டதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

"டிவி அந்தப் பக்கம்" என்றாள் டீச்சர், திரும்பாமலே.

திரும்பினார். படத்தில் வீட்டுச் சொந்தக்காரர் பீரோவைச் சோதிக்கிறேன் என்று உள்ளே நுழைந்து, கதவு பூட்டிக்கொண்ட இடம் அது. எக்ஸ்ரேக்காரர் பல்லைக் கடித்துப் பார்த்தார். மூக்கு வழியாக டீ வந்தது.

"மாமா சிரிச்சிட்டாரு!"

"புரை ஏறிடுச்சுடா" என்றார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. தைலம் எதுவும் தேவைப்படவில்லை.

மனிதர் அதோடு திருந்திவிட்டார் என்று நான் சொல்லி முடித்தால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் வேலை மிச்சம். திங்கட்கிழமை என்ன நடந்தது தெரியுமா? விலா எலும்பில் விரிசலோடு வந்த ஒருவரை நிற்கவைத்து, "ஒரு பீரோ படம் இருக்கு, பாத்திருக்கீங்களா?" என்று கேட்டு, போனில் அந்த இடத்தை எடுத்துக் காட்டிவிட்டு, ஆள் சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். அவர் சிரித்தாராம். விலாவைப் பிடித்துக்கொண்டு அழவும் செய்தாராம். அன்று எக்ஸ்ரேக்காரருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

பாவம், என்ன மனிதர் என்று நீங்கள் உச்சுக் கொட்டுவது எனக்குக் கேட்கிறது. கொட்டுங்கள். ஆனால் ஒன்று. இதைப் படித்து முடித்ததும், உங்கள் வீட்டில் யாரிடமாவது, "இதைக் கொஞ்சம் படிச்சுப் பாரேன்" என்று நீட்டுவீர்கள். தாராளமாக நீட்டுங்கள். நீட்டிய பிறகு, அவர்கள் படித்து முடிக்கும் வரை வேறு அறைக்குப் போய் உங்களால் உட்கார முடியுமா?