வெள்ளிக்கிழமைப் படத்துக்கு ஒரு கையெழுத்து

முதல் பாட்டு முடிவதற்குள்ளேயே லிஃப்ட் இன்ஸ்பெக்டர் எழுந்துவிட்டார்.

"நிறுத்துங்க டீச்சர். பெத்த அப்பாவையே படத்துல அந்தப் பையன் 'தொப்பை ராஜா'ன்னு பாடறான்."

"விளையாட்டுக்குப் பாடறான் சார்."

"இன்னிக்கு விளையாட்டுக்கு. நாளைக்கு என் வீட்ல பாடுவாங்க" என்று அவர் தன் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை பள்ளி ஹாலில் பிள்ளைகளும் பெற்றோரும் சேர்ந்து அந்தப் பாட்டுப் படத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. சின்னப் பிள்ளைகளுக்கு அது ஏற்றதுதானா என்று முன்கூட்டியே பார்த்துக் கையெழுத்துப் போட, மூன்றாம் வகுப்பு டீச்சர் அவரை அழைத்திருந்தார். வகுப்புப் பிள்ளைகளும் கூடவே தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊரிலுள்ள லிஃப்ட்டுகளில் பாதியை ஏதாவது குற்றம் சொல்லி நிறுத்தி வைத்திருக்கும் மனிதரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டால் வேறென்ன நடக்கும்?

அதே வகுப்பில் படிக்கும் அவர் மகள் காலையிலேயே கெஞ்சியிருந்தாள். "அப்பா, ஒண்ணும் செய்யாம சும்மா உக்காந்து பாருப்பா. வெள்ளிக்கிழமை உன் பக்கத்துலதான் உக்காருவேன்."

அவள் தானாக வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனையோ மாதமாகிவிட்டது. அந்த ஒரு வார்த்தைக்காகவே வெள்ளிக்கிழமைக்கு அரை நாள் லீவு சொல்லி வைத்திருந்தார். அதற்காக, கண்ணெதிரே நடக்கும் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

இரண்டாவது பாட்டில் அப்பாவும் அம்மாவும் அடுப்படியில் கைகோத்து ஆடினார்கள். அப்பா, அம்மாவின் நெற்றியில் முத்தம் கொடுக்கக் குனிந்தார். இன்ஸ்பெக்டர் பாய்ந்து போய்த் திரையை மறைத்துக்கொண்டு நின்றார். முத்தம் அவருடைய வெள்ளைச் சட்டையில், சரியாகத் தொப்பையின் மேல் விழுந்தது. ஹாலே குலுங்கிச் சிரித்தது.

"இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்று அதட்டியவர், டீச்சர் கையிலிருந்த ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தை நிறுத்தினார். உடனே நாற்பது பிள்ளைகளும், விட்ட இடத்திலிருந்து ஒரு வார்த்தை பிசகாமல் பாட ஆரம்பித்தார்கள்.

"பாத்தீங்களா டீச்சர், எவ்வளவு சீக்கிரம் தொத்திக்குதுன்னு?"

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார்.

பாட்டையே தாண்டிவிடுவோம் என்று அவர் இன்னொரு பொத்தானை அழுத்தினார். படம் தலைதெறிக்க ஓடிப் போய் ஓரிடத்தில் நின்றது. சற்றுமுன் முத்தம் வாங்கிய அதே அம்மாவின் கையில் இப்போது ஒரு கைக்குழந்தை.

"அங்கிள், முத்தம் குடுத்ததும் பாப்பா வந்துருச்சா?" என்று ஒரு குரல் கேட்டது.

"அதெல்லாம் இல்ல. நடுவுல..."

"நடுவுல என்ன அங்கிள்?"

நடுவில் ஒரு மணி நேரப் படம் இருந்தது. அது பக்கத்து வீட்டுக் குழந்தை என்ற விவரமும் அதில்தான் இருந்தது. அவர் நேரே போய் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

"இதுக்குப் பேரு குடும்பப் படமா? அப்பனுக்கு மரியாதை இல்ல, பெரியவங்களுக்கு வெட்கம் இல்ல. பிள்ளைங்களக் குட்டிச்சுவராக்கறதுக்குன்னே எடுத்திருக்காங்க. குடுங்க பேப்பர."

'தகுதியில்லை' என்று எழுதி, தாள் கிழியும்படி அடிக்கோடு போட்டார். இரண்டாவது வரிசையில் மகள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவருக்கு மனசு கேட்கவில்லை.

"வெள்ளிக்கிழமை வேற நல்ல படமாப் போடுங்க டீச்சர். நான் லீவு போட்டிருக்கேன். பொண்ணோட உக்காந்து பாக்கணும்."

டீச்சர் பிள்ளைகளின் பக்கம் திரும்பினார். முன்பல் இரண்டும் விழுந்திருந்த வகுப்புத் தலைவிதான் எழுந்து நின்றாள்.

"படத்த நாங்க போன வாரமே பாத்து சரின்னு சொல்லியாச்சு அங்கிள். எந்தெந்த அப்பாவ வெள்ளிக்கிழமை உள்ள விடலாம்னு நாங்க பாக்கறதுக்குத்தான் டீச்சர் ஒவ்வொருத்தராக் கூப்பிடறாங்க."